41 காணொலிகளும் ஒரு வெற்றுத்தாளும்: ஒரு மாணவியின் நிகழ்வு ஆய்வு

அந்த விடைத்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். மூன்றாம் கேள்விக்கு உரிய இடத்தில் தாள் மெலிந்துபோயிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து எழுத்து தெரியும். கேள்வியை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள், அழித்திருக்கிறாள், மறுபடியும் எழுதியிருக்கிறாள். மூன்று தடவை. நான்காம் தடவை அழிப்பானின் ஓரம் தாளைக் கிழித்துவிட்டது. விடை என்று ஒரு வரி இல்லை. காலி இடத்துக்குப் பூஜ்யம் போட அதிக நேரம் ஆகாது, நானும் போட்டேன். மொத்தம் 25க்கு 7.

அதே வாரம் அவள் பயன்படுத்திவந்த கற்றல் செயலியின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். அந்தப் பாடத்துக்கான 41 காணொலிகளையும் கடைசி நொடி வரை பார்த்திருந்தாள், சிலவற்றை இரண்டு முறை. வீட்டுப்பாடம் ஒன்றுவிடாமல் சரி. வகுப்பில் கேட்டால் “புரிகிறது டீச்சர்” என்பாள். பொய் சொல்லும் பிள்ளை அல்ல. உண்மையாகவே புரிந்துகொண்டிருந்தாள், அதாவது பார்த்துக்கொண்டிருக்கும் வரை.

ஒரு மாணவி, ஒரு கல்வியாண்டு, கணிதம் என்ற ஒரே பாடம். இவ்வளவுதான் இந்த ஆய்வின் பரப்பு. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் நடந்த முதல் தவறு என்னுடையது. அதை மறைத்துவிட்டு எழுதினால் மீதிக் கதைக்குப் பொருளே இருக்காது.

முத்திரை விழுந்த விதம்

மாணவி ஒன்பதாம் வகுப்பு, வயது 14. ஏழாம் வகுப்பு வரை கணிதத்தில் முதல் மூன்று பேருக்குள் இருந்தவள். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கனக்கத் தொடங்கியதும் மதிப்பெண் கொஞ்சம் இறங்கியது. யாரும் கவலைப்படும் அளவுக்கு அல்ல. என் வகுப்புக்கு வந்தபோது அச்சடித்தது போன்ற கையெழுத்தும், எதைச் சொன்னாலும் தலையசைக்கும் வழக்கமும் கொண்ட அமைதியான பிள்ளை. தொந்தரவே தராத பிள்ளை என்பதால், என் கண் அவள் மீது அதிகம் போகவில்லை.

ஆண்டின் தொடக்கத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒரு வினாப்பட்டியல் கொடுத்தேன். புதிய கருவி ஒன்றை இயக்கப் பழக வேண்டுமென்றால் படத்தைப் பார்ப்பாயா, யாரிடமாவது கேட்பாயா, கையேட்டைப் படிப்பாயா, நேரே தொட்டுப் பார்ப்பாயா என்ற தோரணையில் போகும் கேள்விகள். நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங்கும் காலீன் மில்ஸும் 1992-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பரவிய பிரிவுகள்தான்: பார்த்தல், கேட்டல், படித்தல்-எழுதுதல், செய்தல். எப்படிச் சொல்லித் தந்தால் பிடிக்கும் என்று விசாரிக்கும் பட்டியல் அது. எதில் திறமை அதிகம் என்று அளந்து சொல்லும் கருவி அல்ல. இந்த வேறுபாட்டை நான் படித்தேன், படித்துவிட்டுக் கடந்தும் போனேன்.

அவளுக்கு வந்தது ‘பார்த்தல்’. கோப்பின் முதல் பக்கத்தில் ‘பார்த்துக் கற்பவள்’ என்று எழுதினேன். பெற்றோர் சந்திப்பில் அவளுடைய அம்மாவிடம் அதைச் சொன்னபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்ட உணர்வு. பிறகு நடந்தவை எல்லாம் அந்த இரண்டு சொற்களின் பின்விளைவு. கரும்பலகையில் போடும் கணக்கை அவள் எழுதிக்கொள்ள வேண்டாம், காணொலியைப் பார்த்தால் போதும் என்று விட்டேன். வீட்டில் ஒரு டேப்லெட் வாங்கினார்கள். பயிற்சிக் கணக்குகளின் எண்ணிக்கை குறைந்தது, காணொலிகளின் எண்ணிக்கை கூடியது. காணொலியில் காதுக்கும்தானே வேலை இருக்கிறது, இதை எப்படி ‘பார்த்தல்’ கணக்கில் சேர்த்தோம் என்ற எளிய சந்தேகம்கூட அப்போது எனக்கு வரவில்லை.

நான் மட்டும் ஏமாந்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களுக்குப் பிடித்த கற்றல் பாணியில் பாடம் நடத்தினால் அவர்கள் நன்றாகக் கற்பார்கள் என்ற கூற்றை பிரிட்டன் ஆசிரியர்களில் 93 சதவீதத்தினரும் நெதர்லாந்து ஆசிரியர்களில் 96 சதவீதத்தினரும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தனி என்று சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது, அதனால் எதிர்த்துப் பேச மனம் வராது. பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை என்பதும் உண்மைதான். முன்பே தெரிந்தது எவ்வளவு, கவனம் எவ்வளவு நேரம் நிற்கும், வாசிப்பு எவ்வளவு சரளம், மனத்தில் எத்தனை விஷயங்களை ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ள முடியும் என்பவற்றில் பெரிய வித்தியாசங்கள் உண்டு. பிடித்த புலன் வழியே ஊட்டினால் பாடம் நன்றாக இறங்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

ஹரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-இல் இதற்கு ஒரு நேர்மையான சோதனையை வரையறுத்தார்கள். மாணவர்களைப் பாணிவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்கு ஒரு முறையிலும் மீதிப் பேருக்கு இன்னொரு முறையிலும், ஆளைத் தேர்ந்தெடுக்காமல் குலுக்கிப் போட்டுப் பாடம் நடத்துங்கள். எல்லாருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். ஒரு பிரிவுக்கு எது சிறந்ததோ அது மற்றப் பிரிவுக்குச் சிறந்ததாக இல்லாமல் போனால் மட்டுமே கோட்பாடு நிற்கும். இந்த அளவுகோலில் தேறும் ஆய்வு கிட்டத்தட்ட இல்லை என்பது அவர்கள் கண்டது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே ஃபிராங்க் காஃபீல்டின் குழு, உலகில் புழங்கும் கற்றல் பாணி மாதிரிகளை எண்ணிப் பார்த்து 71 என்று பட்டியல் போட்டிருந்தது. ஒரு பிள்ளையை 71 விதமாகப் பிரிக்க முடிகிறது என்றால் பிரிப்பவர்கள் மீதுதான் முதலில் சந்தேகம் வர வேண்டும்.

எந்தப் புலன் வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது. வரைபடத்தைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், உச்சரிப்பைக் காதால்தான் கேட்க வேண்டும். அது எல்லாருக்கும் பொது.

முத்திரை வேறு விதமாகவும் கெடுக்கும் என்பதற்கு அதே வகுப்பில் இன்னொரு பையன் இருந்தான். அவனுக்கு ‘கேட்டல்’ வந்தது. வாயால் சொன்னால் பளிச்சென்று விடை சொல்வான். வாசிக்கச் சொன்னால் ஒரு பத்திக்கு மூச்சு வாங்குவான். அது பாணி அல்ல. எழுத்துக் கூட்டி வாசிப்பதில் அவனுக்கு இருந்த சிரமம். ‘கேட்டுக் கற்பவன்’ என்று எழுதிவிட்டதால் அவனை வாசிக்கப் பழக்கும் பொறுப்பிலிருந்து நாங்கள் அனைவரும் ஓராண்டுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டோம்.

நடைவழியில் கிடைத்த விடை

வெற்றுத்தாள் கொடுத்த மறுநாள் நடைவழியில் அவளைக் கடந்து போனேன். எதையும் திட்டமிடாமல்தான் கேட்டேன்: “பெருக்கினால் 12, கூட்டினால் மைனஸ் 7. எந்த இரண்டு எண்கள்?”

“மைனஸ் மூன்று, மைனஸ் நான்கு டீச்சர்,” என்றாள், நடையை நிறுத்தாமலே.

அந்த மூன்றாம் கேள்வி அதேதான். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்க வேண்டும். அதன் உயிர்நாடி இந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. நேற்றுத் தாளைக் கிழித்தவளுக்கு இன்று நடந்துகொண்டே சொல்ல வருகிறது. அன்று மாலை வகுப்பு முடிந்ததும் அவளை உட்காரவைத்துத் தாளைக் காட்டினேன். திட்டுவதற்கு அல்ல என்று அவளை நம்பவைக்கவே பத்து நிமிடம் பிடித்தது.

“இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்ன நடந்தது?”

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கேள்வியை எழுதினேன் டீச்சர். எழுதினால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை. அழித்துவிட்டு இன்னும் அழகாக எழுதிப் பார்த்தேன்.”

“அப்புறம்?”

“பக்கத்தில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.”

இவ்வளவுதான் சொன்னாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ‘பக்கத்து ஆள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள், நான் இன்னும் இங்கேயே இருக்கிறேன்’ என்ற எண்ணம் வந்த கணத்தில் கணக்குக்கு அவள் மனத்தில் இடம் இல்லாமல் போயிருக்கிறது.

கணக்குப் போடும்போது பல சங்கதிகளை மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும்: எந்த எண், எந்தக் குறி, எதுவரை முடிந்தது, அடுத்து எது. இந்தத் தற்காலிக ஏந்தலைச் செயல்நினைவு என்கிறார்கள். அதன் கொள்ளளவு சிறியது. மார்க் ஆஷ்கிராஃப்ட்டும் எலிசபெத் கர்க்கும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டல் கணக்கு போட்டுக்கொண்டே சில எழுத்துகளையும் நினைவில் வைத்திருக்கும்படி கேட்டார்கள். கணிதப் பயம் அதிகமுள்ளவர்கள், அடுத்த இடத்துக்கு எண்ணை எடுத்துச் செல்ல வேண்டிய கூட்டல்களில்தான் மிகவும் தடுமாறினார்கள். கவலையும் செயல்நினைவிலேயே இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறது. திறமை போய்விடவில்லை, அது உட்கார நாற்காலி இல்லை.

“கொஞ்சம் பயம் இருந்தால்தான் படிப்பார்கள்” என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் வாசகம். அதற்குத் துணையாகச் சிலர், ஓரளவு பதற்றம் இருந்தால்தான் செயல்திறன் உச்சத்தைத் தொடும் என்று சொல்லப்படும் யெர்க்ஸ்-டாட்சன் விதியையும் இழுப்பார்கள். ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908-இல் சோதித்தது எலிகளை, அதுவும் மின்னதிர்ச்சி கொடுத்து. அவர்கள் கண்டதைப் பயத்துக்கு வக்காலத்தாகப் படிக்கவும் முடியாது: வேலை எவ்வளவு கடினமோ, அவ்வளவு குறைந்த அதிர்ச்சியில்தான் எலி நன்றாகக் கற்றது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடு கடினமான வேலைதான்.

அவளுடைய பயத்துக்கு ஒரு தொடக்க நிகழ்ச்சி இருக்கும் என்று தேடினேன்: யாராவது அடித்தார்களா, வகுப்பு சிரித்ததா என்று. அப்படி எதுவும் அகப்படவில்லை. கிடைத்தது வேறு. ஏழாம் வகுப்பு வரை வழிமுறைகளை மனப்பாடம் செய்தே முதல் வரிசையில் இருந்திருக்கிறாள். எட்டில் அது பலிக்காமல் போனபோது, ‘நன்றாகப் படிக்கும் பிள்ளை’ என்ற பெயர் மட்டும் பாக்கி இருந்தது; கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. “தெரியாது என்று சொன்னால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்?” என்று இரண்டாம் சந்திப்பில் கேட்டாள். கல்விசார் உணர்ச்சிகளைப் பற்றி ரைன்ஹார்ட் பெக்ரன் 2006-இல் முன்வைத்த கோட்பாடு இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. முடிவு எனக்கு மிக முக்கியம், ஆனால் அது என் கையில் இல்லை: இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் தேர்வுப் பயம் முளைக்கிறது. முக்கியமே இல்லை என்று ஆகிவிட்டால் சலிப்பு வரும். அவள் ஒருநாளும் சலிப்படைந்ததில்லை. அதுதான் எங்களை ஏமாற்றியது. ஆர்வம் என்று நினைத்துக்கொண்டோம்.

இப்போது முத்திரையைத் திரும்பப் பாருங்கள். பயந்த பிள்ளைக்கு ‘நீ பார்த்துக் கற்பவள்’ என்று சொன்னது, ‘நீ எதையும் செய்து காட்ட வேண்டாம்’ என்று அவள் காதில் விழுந்திருக்கிறது. காணொலி பார்க்கும்போது தவறு செய்ய வழியே இல்லை. அவ்வளவு பாதுகாப்பான இடம் அவளுக்குப் பள்ளியில் வேறெங்கும் இருக்கவில்லை.

செயலியின் பதிவு சொன்னது

பதிவை வரிவரியாகப் படிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. பயிற்சிப் பகுதியில் ஒவ்வொரு கணக்கின் கீழும் ‘குறிப்பு’ என்றொரு பொத்தான். அவள் பெரும்பாலான கணக்குகளில் கணக்கு திரையில் தோன்றிய நாலைந்து நொடிகளில் அதை அழுத்தியிருந்தாள். கேள்வியைப் படித்து முடிக்கவே அந்த நேரம் போதாது. மூன்று குறிப்புகளை வரிசையாக அழுத்தினால் தீர்வு முழுதாக வந்துவிடும், பிறகு விடையை இட்டால் பச்சை நிறத்தில் ‘சரி’. திரையின் மூலையில் நொடிகள் பின்னோக்கி ஓடும். கடைசிப் பத்து நொடி சிவப்பு. வாரக் கடைசியில் வகுப்பின் தரவரிசை.

இதைத் தவிர வீட்டுப்பாடத்துக்கு ஒரு செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலி. கணக்கைப் படம் பிடித்து அனுப்பினால் படிப்படியாகத் தீர்வு வரும். அவள் அதைப் பார்த்து அப்படியே எழுதவில்லை. ஒவ்வொரு படியையும் புரிந்துகொண்டுதான் எழுதினாள். கேட்டபோது விளக்கவும் செய்தாள். ஏமாற்று வேலை என்று சொல்லிவிட்டால் எளிதாகப் போயிருக்கும். சிக்கல் என்னவென்றால், அடுத்த படி என்னவாக இருக்கும் என்று அவள் மனம் ஒருமுறைகூடத் தேடவில்லை.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் நடந்த கணிதச் சோதனை ஒன்று 2025-இல் வெளியாகியிருக்கிறது. கேட்டதற்கெல்லாம் விடை தரும் அரட்டைக் கருவி கையில் இருந்தபோது மாணவர்களின் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் தரும்படி அமைத்த இன்னொரு கருவியில் இந்தச் சேதம் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் இல்லாமல் போனது இதனால்தான். ஒரே கருவியின் இரண்டு அமைப்புகள் இரண்டு வேறு இடங்களில் கொண்டுபோய் விடுகின்றன.

பார்ப்பதற்கும் நினைவிலிருந்து எடுப்பதற்கும் உள்ள தூரத்தை ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-இல் அளந்தார்கள். ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61. இதில் வேடிக்கை, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பினார்கள். “புரிகிறது டீச்சர்” என்பது அந்த நம்பிக்கையின் குரல்.

செயலி செய்த இன்னொரு காரியம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது. ஒவ்வொரு காணொலியும் தலைப்போடு வரும்: ‘காரணிப்படுத்துதல், பகுதி 3’. அதன் கீழுள்ள பத்துக் கணக்குகளும் காரணிப்படுத்துதல்தான். எந்த முறையைக் கையாள வேண்டும் என்று அவள் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை, தலைப்பே சொல்லிவிடும். தேர்வுத்தாளில் கேள்விகளுக்குத் தலைப்பு கிடையாது. நடைவழியில் நான் கேட்டபோது அவளுக்கு விடை வந்ததற்கும் இதுவே காரணம். ‘பெருக்கினால், கூட்டினால்’ என்று கேட்டு, பாதிக் கணக்கை நானே போட்டுக் கொடுத்திருந்தேன். பயம் மட்டும்தான் காரணம் என்று நினைத்திருந்த எனக்கு இது ஒரு குட்டு. பயம் உண்மை, அதன் அடியில் ஓர் உண்மையான ஓட்டையும் இருந்தது. கற்றல் பாணிகளைப் பற்றிய 2008 அறிக்கையை பாஷ்லரோடு சேர்ந்து எழுதியவர்களில் ஒருவரான டக் ரோரர் பிறகு பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்: கணக்கு வகைகளைக் கலந்து பயின்ற ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஒரு மாதம் கழித்து 74 சதவீதம் எடுத்தார்கள், வகைவாரியாகப் பயின்றவர்கள் 42.

மாற்றியவை

முதலில் கோப்பில் இருந்த வரியை அடித்தேன். அவளை அழைத்து, அந்தப் பட்டியலை நம்பி எழுதியது என் பிழை என்று சொன்னேன். நிம்மதி அடைவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் வெளுத்துவிட்டது. “அப்படியானால் நான் எப்படிப் படிப்பது டீச்சர்?” என்றாள். ஊன்றுகோல் போலிதான், அதற்காகத் திடீரென்று பிடுங்கியிருக்கக் கூடாது. அவளுடைய அம்மாவின் கேள்வி இன்னும் கூர்மையாக வந்தது: “கண்ணால் பார்த்தால்தான் இவளுக்குப் படிப்பு ஏறும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” ஆமாம் என்று ஒப்புக்கொள்வதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அதன்பின் ஒவ்வொரு வகுப்பும் மூன்று கணக்குகளோடு தொடங்கியது, அவளுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும். போன வாரத்துப் பாடம் ஒன்று, போன மாதத்துப் பாடம் ஒன்று, நேற்றையது ஒன்று. தலைப்பு இல்லை, மதிப்பெண் இல்லை, நோட்டை நான் வாங்கிப் பார்ப்பதும் இல்லை. முதல் இரண்டு வாரம் தீர்க்கவே சொல்லவில்லை. ‘இது எந்த வகை? முதல் அடி என்ன?’ என்று மட்டும் எழுத வேண்டும். இதில் தவறு செய்தால் இழக்க எதுவும் இல்லை என்று அவள் நம்புவதற்குப் பதினோரு வகுப்புகள் ஆயின. எண்ணி வைத்திருக்கிறேன்; பன்னிரண்டாம் நாள்தான் அழிப்பானைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுதினாள்.

காணொலியை நிறுத்தவில்லை. கணக்கைச் சொல்லி முடித்ததும் நிறுத்த வேண்டும், அடுத்த வரியைத் தாளில் எழுத வேண்டும், தவறானாலும் பரவாயில்லை, பிறகுதான் ஓடவிட வேண்டும். இப்படிப் பார்த்தால் ஒரு மாதத்தில் ஆறு காணொலிகள்தான் முடிந்தன. செயலியின் பின்னோக்கி ஓடும் கடிகாரத்தை நிறுத்த ஒரு வழி இருந்தது, அமைப்புகளுக்குள் மூன்று அடுக்கு ஆழத்தில். வகுப்பின் தரவரிசையை ஆசிரியர் கணக்கிலிருந்து அணைக்க முடிந்தது. குறிப்புப் பொத்தானை ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் அதை அழுத்துமுன் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும் என்று ஒப்பந்தம். அரட்டைச் செயலியிடம் விடை கேட்கக் கூடாது, தான் போட்ட கணக்கில் எந்த வரி தவறு என்று மட்டும் கேட்கலாம். இந்த ஒப்பந்தத்தை அவள் பலமுறை மீறினாள், மீறியதை என்னிடம் வந்து சொன்னாள். முன்பு ‘தெரியாது’ என்றுகூடச் சொல்லாத பிள்ளை.

தேர்வுக்கு முன் பத்து நிமிடம் கவலைகளை எழுதித் தீர்ப்பது என்ற உத்தியையும் இரண்டு முறை செய்து பார்த்தோம். ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பைலாக்கும் 2011-இல் அது மதிப்பெண்ணைக் கூட்டுகிறது என்று எழுதியிருந்தார்கள். 2018-இல் மறு ஆய்வு செய்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. முன்னேற்றக் கணக்கில் அதைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

முடிவுகள்

மூன்றாம் வாரத் தேர்வு: 25க்கு 8. ஒன்றும் நடக்கவில்லை என்றே சொல்லலாம். ஐந்தாம் வாரம் 12. ஏழாம் வாரம் நான் விடுப்பில் இருந்தேன். எனக்குப் பதில் வந்தவர், நல்ல எண்ணத்தோடுதான், எல்லாருடைய மதிப்பெண்ணையும் வரிசையாக வாசித்துவிட்டார். அடுத்த தேர்வில் 6, பாதித் தாள் காலி. ஆறு வாரம் கட்டியதை ஆறு நிமிடம் கலைத்தது. மறுபடி மூன்று கணக்கு, மதிப்பெண் இல்லாத நோட்டு. பன்னிரண்டாம் வாரம் 17.

ஆண்டுத் தேர்வில் 100க்கு 58. பழைய உயரம் இல்லை. ஒரு பெரிய கேள்வி இந்த முறையும் தீர்க்கப்படாமல் கிடந்தது. ஆனால் அந்த இடத்தில் தாள் மெலியவில்லை. ஓரத்தில் பென்சிலால், ‘இருபடிச் சமன்பாடு. காரணிப்படுத்த வராது, சூத்திரம் போட வேண்டும்’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாள். சொன்னது சரி. அந்தச் சமன்பாடு முழு எண் காரணிகளுக்குப் பிடிகொடுக்காதது. சூத்திரத்தில் போட நேரம் இருந்திருக்காது. அந்த வரிக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். 58-இல் அதுவும் அடக்கம்.

எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல இந்த ஆய்வால் முடியாது. பல மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்தேன். இடையில் அவளுடைய அம்மா தினமும் மதிப்பெண் விசாரிப்பதை நிறுத்தினார். ஓர் ஆசிரியர் தன்னைத் தனியாகக் கவனிக்கிறார் என்பதே எந்தப் பிள்ளையையும் கொஞ்சம் நிமிர வைக்கும். பந்தயம் கட்டச் சொன்னால் நான் கட்டுவது தலைப்பில்லாத அந்த மூன்று கணக்குகள் மேல். முறையைத் தானே தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை அவை கொடுத்தன. தவறுக்குத் தண்டனை இல்லாத ஐந்து நிமிடத்தையும் அவையே கொடுத்தன. வடிவியலை அவள் இன்னும் வெறுக்கிறாள், அது வேறு விவகாரம்.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போது, அடுத்த ஆசிரியருக்கு அனுப்ப ஒரு படிவம் வந்தது. அதில் ‘கற்றல் பாணி’ என்று ஒரு கட்டம். நான் எழுதியது: ‘கணக்கைத் தொடங்க இவளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். நேரம் முடியப்போகிறது என்று அறிவிக்காதீர்கள். மதிப்பெண்ணைத் தனியாகச் சொல்லுங்கள்.’ மூன்று நாள் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. அந்தக் கட்டத்தில் பார்த்தல், கேட்டல், படித்தல்-எழுதுதல், செய்தல் ஆகிய நான்கில் ஒன்றைத்தான் மென்பொருள் ஏற்கும் என்று ஒரு சீட்டு இணைத்திருந்தார்கள். அதே வரிகளைத் தனித்தாளில் எழுதி, புதிய ஆசிரியர் கையில் நேரில் கொடுத்துவிட்டேன். படிவம் இன்னும் என் மேசையில் இருக்கிறது.